விழித்திருப்பதும் சிகிச்சையே

தொண்டையில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் பொருத்தப்பட்ட குழந்தை வீடு திரும்பும்போது வென்டிலேட்டர், சளி உறிஞ்சும் சக்‌ஷன் கருவி, ஆக்சிஜன் சிலிண்டர், மாற்றுக் குழாய்கள் என நீண்ட பட்டியல் ஒன்றும் கூடவே வரும். அதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, இரவில் கண்விழித்துக் குழந்தையைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள். கருவி மருத்துவத்தின் பொறுப்பு, ஆள் குடும்பத்தின் பாடு என்று பிரித்துவைத்திருக்கிறோம். குழந்தையின் சுவாசப் பாதை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. விழித்திருக்கும் செவிலியர் வென்டிலேட்டரைப் போலவே சிகிச்சையின் ஓர் அங்கம்.

கைக்குழந்தைக்குப் பொருத்தும் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். குழாயில் சீராகப் பாயும் காற்றுக்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் கூடும் என்பது பாய்சொய் விதி. 4 மி.மீ. குழாயின் உட்சுவரெங்கும் 1 மி.மீ. சளி படிந்தால் வழி 2 மி.மீ. ஆகச் சுருங்கும், தடையோ 16 மடங்காகும். பெரியவர்களின் அகன்ற குழாயில் அதே சளி அவ்வளவு பெரிய ஆபத்தாகாது. மூச்சுக்காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. காற்று மூக்கைத் தொடாமலே உள்ளே போவதால் சளி எளிதில் உலர்ந்து கட்டியாகிறது. குழாய் குரல்நாண்களுக்குக் கீழே இருப்பதால், திணறும் குழந்தை வாய்விட்டு அழுதாலும் சத்தம் வராமல் போகலாம். பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும்? ஆக்சிஜன் முற்றிலும் நின்றால் சில நிமிடங்களில் மூளைச் செல்கள் அழியத் தொடங்கும். அதற்குள் சளியை உறிஞ்சியாக வேண்டும்; அது பலிக்காவிட்டால் குழாயையே கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை.

அலாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். வீட்டு வென்டிலேட்டர்களை வைத்து நடத்திய சோதனைகள் இதற்குச் சங்கடமான பதிலைத் தருகின்றன. தொண்டையிலிருந்து குழாய் கழன்று வந்துவிட்டாலும் அழுத்தம் குறைந்ததற்கான அலாரம் ஒலிக்காமல் போவதுண்டு. குழந்தைகளின் குழாய் அவ்வளவு குறுகலானது என்பதால் அதன் தடையே போதிய அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. குழந்தை இன்னும் இணைப்பில் இருப்பதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரோ கை அசைந்தாலே கத்தும். எது பொய், எது மெய் என்று குழந்தையின் நிறத்தையும் நெஞ்சின் அசைவையும் பார்த்து முடிவெடுக்க மனிதர்தான் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையின் கண்காணிப்பில் 22 ஆண்டுகளில் வீட்டு வென்டிலேட்டரில் இருந்த 228 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளியானது. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் மரணம் எதிர்பாராதது. அடிப்படை நோய் முற்றி இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய குழந்தையருகே பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்கிறது. இதற்கான சான்றுகள் வலுக்குறைந்தவை என்பதை அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. உண்மைதான். ஆனால் பாதிக் குழந்தைகளைக் காவலின்றி விட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை எந்த மனசாட்சியும் அனுமதிக்காது. இருக்கும் சான்றுகளும் சுவாசப் பாதையின் இயற்பியலும் ஒரே திசையைக் காட்டும்போது அதை ஏற்பதே முறை.

பெற்றவளைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அடுத்த கேள்வி. அன்பில் குறையில்லை, தடையாக நிற்பது உடலின் எல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினார்கள். இந்தியச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். வண்டியோட்டவே தகுதியில்லாத களைப்பில் ஒரு தாயைக் குழந்தையின் மூச்சுக்குக் காவல் வைப்பது, அவர் தியாகத்தைப் போற்றிக்கொண்டே குழந்தையை ஆபத்தில் விடுவதாகும். குடும்பத்தில் குறைந்தது இருவருக்காவது பயிற்சி வேண்டும். அவர்கள் உறங்க, இரவுக்குச் செவிலியரும் வேண்டும்.

செலவு? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், சில மாதக் குழந்தையாக இருந்தபோதே மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரை நம்பி வாழ வேண்டியவரானார். வீட்டில் பராமரிக்க மருத்துவமனைச் செலவில் ஆறில் ஒரு பங்கு போதும் என்ற நிலை. ஆனால் அரசின் மெடிக்கெய்ட் திட்டம் மருத்துவமனையில் இருந்தால் மட்டுமே பணம் தந்தது. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர்களிடம் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். அந்த ஆண்டே குழந்தை வீடு திரும்பியது. மறுவருடம் சட்டமும் மாறியது. கேட்டி கல்லூரிப் படிப்பை முடித்தார், மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல்கொடுத்தார், 2012இல் தம் 34ஆம் வயதில் காலமானார். சட்டம் மாறியும் சிக்கல் தீரவில்லை. வீட்டுச் செவிலியருக்கு மருத்துவமனையைவிடக் குறைவான ஊதியம் கிடைப்பதால் ஆள் கிடைப்பதில்லை. மின்னசோட்டா மாநிலத்தில் 54 குழந்தைகள் உடல்நிலை அனுமதித்த பிறகும் ஓராண்டில் மொத்தம் 1,500 நாட்களுக்கு மேல் மருத்துவமனையிலேயே தங்க நேர்ந்ததை 2019இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. வீட்டுச் செவிலியர் கிடைக்காததே முக்கியக் காரணம். செவிலியருக்குத் தராமல் மிச்சப்படுத்திய பணம் படுக்கைக் கட்டணமாகப் பல மடங்கு போனது.

தமிழ்நாட்டில் இதைக் கனவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், வலிதணிப்புச் சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுபோகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் திரவப் பைகளையும் தருகிறது. அதே வலைப்பின்னலில் டிரக்கியாஸ்டமி குழந்தைகளையும் சேர்த்து, அவர்களுக்காகவே பயிற்சி பெற்ற செவிலியரை அரசுச் செலவில் இரவுப் பணிக்கு அனுப்ப வேண்டும். ஊதியம் மருத்துவமனைச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும். இத்தகைய குழந்தையை வீட்டுக்கு அழைத்துச்செல்லவிருக்கும் பெற்றோர், டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: இரவில் யார் விழித்திருப்பார்கள்? ஏஜென்சி அனுப்பும் ஆளுக்குக் குழாயை மாற்றத் தெரியுமா? உங்கள் கண்ணெதிரே ஒருமுறை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். தெளிவான பதில் கிடைக்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.