பழவேற்காடு... சும்மா உட்கார்ந்துட்டு வர ஓர் ஊர்!

லீவு விட்டாச்சு. 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நாமும் கிளம்புவோம். நாலு நாளில் எட்டு இடம் பார்ப்போம். திரும்பி வந்ததும், 'அப்பாடா, ஒருநாள் ரெஸ்ட் எடுத்தாத்தான் சரியா வரும்' என்போம். ஓய்வுக்காகப் போன பயணத்துக்கே ஓர் ஓய்வு தேவைப்பட்டால், அதில் என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

சென்னைவாசிகளுக்கு இதற்கு ஒரு நல்ல மாற்று, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் வடக்கே இருக்கிறது. பழவேற்காடு! பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் பரந்து கிடக்க, தெற்கு முனை நம் பக்கம்.

கண்ணுக்கு விருந்து... மருந்தும்கூட!

நாள் முழுக்க ஓர் அடி தூரத்தில் செல்போனையும் கம்ப்யூட்டரையும் பார்த்துப் பார்த்து நம் கண் தசைகள் களைத்துப் போகின்றன. தூரத்தைப் பார்க்கும்போதுதான் அவை தளர்கின்றன. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீராகவே இருக்கும் ஏரிக்கரையைவிட அதற்குத் தோதான இடம் எது? வெளியில், பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை பறவைகளின் சீசன். அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அலகால் சலித்துச் சாப்பிடும் அழகே அழகு! அந்த இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்ததல்ல. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். பாசியிலும் சின்னஞ்சிறு இறால்களிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. 'காரட் சாப்பிடு' என்றால் முகம் சுளிக்கும் வாண்டுகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்களேன்! ஆனால், பக்கத்தில் போய்க் கைதட்டிப் பறக்கவிட வேண்டாம். அவையும் நிம்மதி தேடி வந்த விருந்தாளிகள்தானே?

நடக்கப் பிடிக்கும் என்றால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போகலாம். 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள் பிள்ளைகளைக் கொஞ்சம் மிரட்டும், நிறையவே கேள்வி கேட்க வைக்கும். ஊர்ப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளில் ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள்.

கரையே போதும்!

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். 2011 டிசம்பர் 25 அன்று, இதே பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்து போனார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. 'சும்மா ஒரு ரவுண்டு' என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். அரசு அனுமதியும், குழந்தையின் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகு எந்த ஊரிலுமே வேண்டாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். பார்க்கச் சாதுவாக இருக்கும் தண்ணீரை நம்பி அங்கே குளிக்க இறங்கவே கூடாது.

கிளம்பும் முன்...

* காலை பத்து மணிக்குள்ளும், மாலை நாலு மணிக்கு மேலும் சுற்றுங்கள். நடுவில் நிழல். உப்புக் காற்றில் தாகம் தெரியாமலே உடம்பு வறண்டுவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கூடவே ஓஆர்எஸ் பாக்கெட் அவசியம்.

* மீன் வாங்கினால் செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, சதை அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் 'இன்னிக்கு ஒருநாள்தானே' என்று ஆசைப்படாதீர்கள்.

* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மறக்காமல் எடுத்து வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கிளிஞ்சல் கீறினால்கூடப் புண் ஆற நாளாகும்.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து புளிசாதம் கிண்டி, மூட்டை கட்டி, போன இடத்திலும் பரிமாறி, திரும்பி வந்து பாத்திரம் தேய்த்தால், உங்கள் மனைவிக்கு அது எந்த வகையில் லீவு? அன்றைக்கு ஒருநாள் மூட்டையை நீங்கள் கட்டுங்கள், பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஏரியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அதுதான் முழுக் குடும்பத்துக்கும் ஓய்வு!