பதிவு எண் 212 யாருடையது?

2011 அக்டோபர் வரைக்கும் திருவொற்றியூர் தனி நகராட்சி. எண்ணூர் பக்கம் கத்திவாக்கம் நகராட்சி. இன்று இரண்டுமே பெருநகர சென்னை மாநகராட்சியின் 1-ஆவது மண்டலத்தில் இருக்கின்றன. அந்த ஆண்டு 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு சேர்ந்தன. 155 ஆக இருந்த வார்டுகள் 200 ஆயின. வரைபடத்தில் எல்லையை மாற்றுவது சுலபம். பதிவேடுகளில் இருக்கும் எண்களைச் சேர்ப்பதுதான் வேலை.

ஏன் என்று பார்ப்போம். பிறப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் வரிசை எண் மறுபடியும் 1-லிருந்து தொடங்கும். அப்படியென்றால் 1998-ஆம் ஆண்டின் 212-ஆவது பதிவு திருவொற்றியூரிலும் இருக்கலாம், கத்திவாக்கத்திலும் இருக்கலாம், ராயபுரத்திலும் இருக்கலாம். அந்தந்தப் பதிவேட்டில் எல்லாமே சரியான எண்தான். ஆனால் மூன்றையும் ஒரே கணினியில் வெறும் '212' என்று ஏற்றினால், ஒரு பிள்ளையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு இன்னொரு பிள்ளையின் பிறந்த தேதி வந்து நிற்கும்.

அரசு அலுவலகங்களுக்கு இடையே தகவல் போய்வர எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்புகிற முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகம் 'பெயர்' என்று சீட்டு ஒட்டும். இன்னொன்று 'விண்ணப்பதாரர்' என்று எதிர்பார்க்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதற்கான நிரல்மொழிதான் எக்ஸ்எஸ்எல்டி. 1999-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே 'ஜெனரேட்-ஐடி' என்று ஒரு வசதி உண்டு. கோப்பில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி அடையாளத்தை அதுவே உருவாக்கிக் கொடுத்துவிடும். நிரல் எழுதுபவருக்கு வேலை மிச்சம்!

அங்கேதான் சிக்கலும். அந்த அடையாளம் ஒருமுறை நிரல் ஓடி முடிகிற வரைக்கும்தான் செல்லும். அதே கோப்பை நாளைக்கு மறுபடி ஓட்டினால் வேறு அடையாளம் வரலாம். இன்னொரு கோப்பைத் தனியாக ஓட்டினால், அதில் வேறொருவருக்கு அதே அடையாளம் வரலாம். இது பிழை இல்லை. வசதியே அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஆவணத்துக்குள் பொருளடக்கத்தையும் அத்தியாயத்தையும் இணைக்க அது போதும். ரேஷன் கடையில் இன்றைக்குக் கிடைத்த 17-ஆம் டோக்கனைக் காட்டி நாளைக்குச் சர்க்கரை கேட்க முடியாதில்லையா, அதே கதைதான். கோப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணி எண் கொடுப்பதும் ஆபத்து. விட்டுப்போன ஒரு பதிவை நடுவில் சேர்த்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாருடைய எண்ணும் ஒன்று தள்ளிப்போகும்.

அப்போ என்னதான் வழி? எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பாருங்கள். கண்டெய்னர் மேலே நான்கு எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளருக்கு உரியவை; பாரிஸில் உள்ள ஓர் அமைப்பில் பதிவு செய்யப்பட்டவை. இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆறு இலக்கத்தை வைத்திருந்தாலும் பெட்டி மாறாது, முன்னால் உள்ள எழுத்து பிரித்துக் காட்டிவிடும். நம் சொத்து வரி எண்ணிலும் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என்று அடுக்கியிருப்பது இதற்காகத்தான். பிறப்புப் பதிவுக்கும் பதிவு அலுவலகம், ஆண்டு, வரிசை எண் மூன்றையும் சேர்த்துவிட்டால், நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் அதே அடையாளம்தான் வரும்.

யுயுஐடி என்று இன்னொரு முறையும் இருக்கிறது. 128 பிட் நீளமான எண். தற்செயலாக உருவாக்கினாலும் இரண்டு ஒன்றாக அமைவது நடைமுறையில் நடக்காது என்றே சொல்லலாம். ஆனால் ஒருமுறை உருவாக்கிச் சேமித்து வைக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் ஒரே ஆளுக்கு நாலு அடையாளம் வந்துவிடும். தவிர, 32 குறிகளை யார் போனில் வாசித்துக் காட்டுவது? மக்கள் கையில் வைத்திருக்கும் சான்றிதழுக்கு முதல் முறையே நல்லது என்பேன்.

ஆதார் ஆஃப்லைன் கேஒய்சி கோப்பும் எக்ஸ்எம்எல்தான். அதிலுள்ள குறிப்பு எண், ஆதாரின் கடைசி 4 இலக்கங்களோடு கோப்பு உருவான தேதியும் நேரமும் சேர்ந்தது. அதனால் ஒவ்வொரு முறை பதிவிறக்கும்போதும் அது மாறும். "போன தடவை வேற நம்பர் இருந்துச்சே" என்று பதற வேண்டாம். அது கோப்பின் அடையாளம், உங்களுடையது அல்ல. இ-சேவையில் கிடைக்கும் ஒப்புகை எண்ணும் அந்த ஒரு விண்ணப்பத்துக்குத்தான். 'கேன்' எண் அப்படியில்லை, அது ஆளுக்கு ஒன்று. ஏற்கெனவே இருந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள், புதிதாகப் பதிய வேண்டாம்.

பழைய பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்டு விண்ணப்பிக்கும்போது பதிவு எண்ணோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். சான்றிதழில் 'கத்திவாக்கம் நகராட்சி' என்று அச்சாகியிருந்தால், அந்த நகராட்சி இப்போது இல்லையே என்று விட்டுவிடாமல், அந்தப் பெயரையும் எழுதுங்கள்.