பழைய பேண்ட் சா வாங்குகிறவர்களுக்கு

தெமியாங் போன்ற சிரம்பான் வட்டாரப் பகுதிகளில் கேட்டும் கிரில்லும் செய்யும் சிறு பட்டறைக்காரருக்கு இரும்பு வெட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். கட்டிங் டிஸ்க் சீக்கிரம் வெட்டும். ஆனால் பொறி பறக்கும், காது அடைக்கும், வெட்டிய முனை நீலம் பாய்ந்து நிற்கும். பேண்ட் சாவில் இந்தத் தொல்லை இல்லை. வளையமாக ஒட்டிய பல் பட்டை ஒன்று இரண்டு சக்கரங்களில் சுற்றியபடி, மேல்கையின் எடையால் மெல்ல இறங்கி அறுக்கும். புது இயந்திரத்துக்கு வசதி இல்லாதவர் பழையதை வாங்கித் தேற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

பழைய இரும்புக் கடையில் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். துரு மண்ணெண்ணெய்க்கும் கம்பி பிரஷ்ஷுக்கும் அடங்கிவிடும். முதலில் கியர் பெட்டியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க, எஃகுத் திருகு ஒன்று வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. தேய்வது வெண்கலம்தான். எண்ணெயில் பொன்துகள் நிறைய மின்னினால், பல்சக்கரம் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மாற்று கிடைப்பது கடினம், விலையும் அதிகம். அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.

பெட்டி நன்றாக இருந்தால், அடுத்த செலவு பேரிங். கிடைமட்ட இயந்திரத்தில் பட்டை சக்கரத்தில் சாய்வாக ஓடுகிறது. வெட்டும் இடத்தில் அதைத் திருப்பி நேராக நிறுத்துபவை வழிகாட்டி பேரிங்குகள். இரு பக்கமும் ஒவ்வொன்று, முதுகுக்கு ஒன்று. பக்கத்து பேரிங்குகளில் ஒன்றின் போல்ட் மையம் விலகியது. அதைத் திருப்பினால் இடைவெளி கூடும், குறையும். பட்டையை ஆடவிடாமல், இறுக்கிப் பிடிக்காமல் தொட்டு நிற்க வேண்டும். மூலைமட்டத்தை மேசையில் வைத்துப் பட்டை செங்குத்தா என்று பாருங்கள். வெட்டு கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடமும் தளர்ந்த பட்டையும்தான். பழி மட்டும் இயந்திரத்தின் வயதுக்கு!

பெயிண்டுக்கு ஒதுக்கிய காசைப் பட்டைக்கு மாற்றுங்கள். பேண்ட் சாவின் வரலாறே பட்டையின் வரலாறுதான். 1809-இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றும், ஒட்டிய இடத்தில் பட்டை அறுந்துகொண்டே இருந்ததால் இயந்திரம் பயனுக்கு வரவில்லை. 1846-இல் பிரான்ஸின் ஆன் போலின் கிரெப்பான் பட்டையைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே வழி திறந்தது. இன்றைய பைமெட்டல் பட்டையில் வளையும் எஃகு முதுகின் மேல் கடினமான ஹைஸ்பீட் எஃகுப் பற்கள் அமைகின்றன.

வெட்டும் கனத்துக்குள் எப்போதும் ஏறத்தாழ மூன்று பற்களாவது இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஆங்கிளுக்கு அங்குலத்துக்கு 14 பல் போதும். 3 மில்லிமீட்டர் சுவர் கனமுள்ள குழாய்க்கு 24 வேண்டும். குறைந்தால் பல் மாட்டி உடையும்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். வெடித்த ஒயரை முழுதாக மாற்றி, எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டை மாட்டியதும் முதல் சில வெட்டுகளில் இறக்கும் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்; கூர்முனைகள் சற்று மழுங்கிப் பழகிய பிறகு முழு அழுத்தம் கொடுக்கலாம்.