கசிவுக்குப் பயந்து கரையில் நிற்க வேண்டாம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிற ஆமத்தூர் வட்டாரத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கற்றுக்கொண்ட பெண்கள் இந்தக் கரிசல் ஊர்களில் நிறைய உண்டு. ஆனால் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அவர்களில் சிலர் தண்ணீரில் இறங்குவதையே விட்டுவிடுகிறார்கள். குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போனாலும் துணிமணிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் சொட்டிவிடுகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

இதை வயசுக் கோளாறு என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு மருந்தில்லாமலேயே குறையக்கூடிய தொல்லை இது.

ஏன் சொட்டுகிறது?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தொட்டில் சேலை போலத் தாங்குகிற தசைகள் இருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். சுகப்பிரசவத்தில் இவை மிகவும் இழுபட்டுத் தளர்கின்றன. உடல் பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது, மாதவிலக்கு நின்ற பிறகு ஏற்படும் ஹார்மோன் குறைவு எல்லாம் அந்தத் தளர்ச்சியைக் கூட்டும். அப்போது வயிற்றில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் கசியும்.

இன்னொரு வகையில், ஒண்ணுக்கு வருகிறது என்று தோன்றிய மறுநிமிடமே அடக்க முடியாமல் போய்விடும். இதில் சிறுநீர்ப்பையே நேரம்காலம் இல்லாமல் சுருங்குகிறது. சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, அதிகப்படியான காபி, டீ இதைத் தூண்டலாம். இரண்டு வகையும் சேர்ந்து வருவதும் உண்டு.

ஆபீஸும் தண்ணீர் பாட்டிலும்

இங்கே ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து போகிற ஒவ்வொரு முறையும் காசு குறைகிறது. கழிப்பறை தூரமாகவோ அசுத்தமாகவோ இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இந்த வெக்கையில் அது ஆபத்து. அடர்த்தியான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் வழிவிடும். மலம் இறுகி, முக்கி முக்கித் தசைகள் இன்னும் தளரும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் கசிவு கூடத்தான் செய்யும்.

குடிநீரும், பெண்களுக்கென்று தனிக் கழிப்பறையும் தொழிற்சாலையில் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

தண்ணீருக்குள் இறங்கும்போது

நீச்சல் மூட்டுக்கும் இடுப்புக்கும் அதிர்ச்சி தராத பயிற்சி. ஓட்டத்திலும் குதிப்பதிலும் கசிகிற அளவுக்கு நீந்தும்போது பலருக்குக் கசிவதில்லை. சிக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில் வருகிறது: மேலிருந்து குதிக்கும்போது, குளிர்ந்த தண்ணீர் பட்டவுடன், கரையேறும்போது. ஆகவே கிணற்றில் படி வழியாக மெதுவாக இறங்குங்கள். ஏறுவதற்கு முன் இடுப்புத்தளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வையுங்கள்.

கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று சிறுநீரகம் கூடுதலாகச் சிறுநீரைப் பிரிக்கிறது. அதனால் இறங்குவதற்குச் சற்று முன்பு கழிப்பறை போய்விட்டு வாருங்கள். நீண்ட நேரம் நீந்தினால் நடுவில் ஒருமுறை வெளியே வந்து போங்கள். நீந்தப்போகும் முன் காபி, டீ வேண்டாம். தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

சாதாரண நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், பயன்படாது. நீச்சலுக்கென்று விற்கும் உள்ளாடைகளும் மலத்தைத் தடுக்குமே தவிர சிறுநீரை முழுதாகத் தடுக்காது. கறுப்பு அல்லது கருநீல உடை மனதுக்குத் தைரியம் தரும். கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்கும் சிலிக்கான் வளையம் உண்டு. மருத்துவர் அளவு பார்த்துப் பொருத்தினால் அதோடு நீந்தலாம்.

நகரத்து நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு இறங்குவது அவசியம். சிறுநீரும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் கண்ணை எரிய வைக்கிறது. எல்லோரும் குளத்துக்குள் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியாமல் சொட்டும் சில துளிகளுக்காக யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று இருக்கும் நாட்களிலும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கும் வரையிலும் தண்ணீரில் இறங்காதீர்கள். குடிக்க எடுக்கும் கிணற்றில் யாருமே நீந்தக் கூடாது.

காசில்லாத மருந்து

1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதி வெளியிட்ட பயிற்சி இன்றும் முதல் சிகிச்சையாக இருக்கிறது. காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பழகப் பழக 10 விநாடி வரை போகலாம். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. குறைந்தது மூன்று மாதம். பலர் மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தசை பலப்பட அவகாசம் வேண்டும். உட்கார்ந்து பெட்டி ஒட்டும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

அவசரமாக வரும் வகையினர், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறவர் என்றால் அந்த இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக் கூட்டி மெல்ல நீட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆண்களுக்கும் உண்டு

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் பை நிரம்பி வழிந்து சொட்டலாம். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகும் கசியலாம். இடுப்புத்தளப் பயிற்சி அறுவைக்குப் பின் வரும் கசிவுக்கு உதவும். நிரம்பி வழிவதற்கு மருத்துவர்தான் வழி.

தள்ளிப்போடக் கூடாதவை

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, கால் மரத்துப்போவது, பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு இடைவிடாமல் ஒழுகுவது ஆகியவை இருந்தால் உடனே போங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அடுத்த முறை சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை வாங்கப் போகும்போது, "இருமினா ஒண்ணுக்கு வந்துருது டாக்டர்" என்று அந்த ஒரு வரியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.