கோப்பும் அதன் நகலும்: வீட்டுக் கணினியில் லினக்ஸ்

வீட்டுக் கணினியில் இருப்பவை இரண்டு வகை. இயங்குதளமும் மென்பொருள்களும் ஒரு வகை. கெட்டுப்போனால் மறுபடி இறக்கி நிறுவிக்கொள்ளலாம். வீட்டார் தம் கையால் உண்டாக்கிய கோப்புகள் மற்றொரு வகை. அவை போனால் போனவைதான். காஞ்சிபுரம் வட்டாரத்தில், திருப்பருத்திக்குன்றம் போன்ற ஊரில், ஒரு நெசவுக் குடும்பத்தின் கணினியைத் திறந்தால் இந்த இரண்டாம் வகை நிறையவே இருக்கும்: பார்டர், முந்தி, புட்டா டிசைன்கள், கூலிக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள். லினக்ஸைத் தேர்ந்தாலும் வேறெதைத் தேர்ந்தாலும், இந்தக் கோப்புகள் இன்னும் பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா என்பதே முதல் கேள்வி.

லினக்ஸ் பக்கம் இப்போது பலர் திரும்ப ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் கணினியை அதற்காகக் கழித்துவிட வேண்டியதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸின் பல வடிவங்கள் அத்தகைய கணினிகளில் தாராளமாக ஓடும். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதி. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குப் போன கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. புதிதாகத் தொடங்குவோருக்கு மின்ட் எளிது. அடிக்கடி எதுவும் மாறக்கூடாது என்பவருக்கு டெபியன்.

நிறுவுவதற்கு முன் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. பிரிண்டர், வைஃபை, ஸ்கேனர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியில் சேர்த்துக்கொள்ளலாம். சில இடங்களில் லினக்ஸ் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டை இயக்கும் கணினி என்றால், அந்த எந்திரத்துடன் வந்த மென்பொருள் எதைக் கேட்கிறதோ அதையே விட்டுவைப்பது நல்லது. ஓடும் தறியை நிறுத்திப் பரிசோதனை செய்ய வேண்டாம். சந்தேகம் கேட்கக் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவும், தமிழில் படிக்க 2012 முதல் வரும் கணியம் இதழும் உண்டு.

கருவிகளில் பெரும்பாலானவை பழகியவையே: இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரேஆபீஸ், படம் பார்க்க விஎல்சி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் இருந்தால் இந்த வாய்ப்பிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

டிசைன் கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை இருந்தால் அந்தப் பாவிழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. கிராப் தாளின் ஒவ்வொரு கட்டமும் இப்படி ‘உண்டு, இல்லை’ என்று தீர்மானம் சொல்வது. கணினிப் படத்திலும் ஒரு புள்ளி ஒரு கட்டம். அந்தப் படத்தை ஜேபெக் ஆகச் சேமித்தால், அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகத் துண்டுபோட்டு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகம் எடுத்த படத்துக்கு அது பரவாயில்லை. அரக்கும் ஜரிகையுமாக இரண்டே நிறம் இருந்த பார்டரிலோ ஓரங்களில் பல கலங்கல் நிறங்கள் முளைக்கும். எந்தக் கட்டத்தில் இழை எழும்ப வேண்டும் என்பதே குழம்பிப்போகும். பிஎன்ஜி வடிவத்தில் ஒரு புள்ளியும் மாறாது. கிம்ப் மென்பொருளில் நிறங்களின் எண்ணிக்கையை இரண்டு, மூன்று என்று வரையறுத்து வரைந்து, அடுக்குகளோடு கிம்பின் சொந்த வடிவத்தில் ஒன்றும், பிஎன்ஜியில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போகும். டிசைனை வாட்ஸ்அப் படத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பலிக்காது.

நகல் எடுக்கும் கருவிகளில் மின்டுடன் வரும் டைம்ஷிஃப்ட்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது காப்பது இயங்குதளத்தை. ஒரு மேம்படுத்தலுக்குப் பின் கணினி தகராறு செய்தால் நேற்றைய நிலைக்குத் திரும்ப உதவும். வீட்டுக் கோப்புறையை, நாமாகச் சொல்லாவிட்டால், அது தொடுவதில்லை. டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, படங்கள் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது.

கோப்புகளுக்கு ஆர்சிங்க் பழைய, நம்பகமான கருவி. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் 1996-இல் வெளியிட்டது. முதல் முறை எல்லாவற்றையும் நகலெடுத்து, அடுத்த முறைகளில் மாறியவற்றை மட்டும் கொண்டுபோகும். இங்கே அழித்ததை அங்கும் அழிக்கச் சொல்லும் விருப்பம் ஒன்று அதில் உண்டு. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், நகலுக்கான வெறும் டிஸ்க்கைப் பார்த்து வீட்டுக் கோப்புறை துடைக்கப்படும். என்ன செய்யப் போகிறது என்று காட்டும் ஒத்திகை விருப்பத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். கட்டளை எழுதத் தயங்குபவருக்கு டேஜா டூப் போதும். அது வாரந்தோறும் தானே ஓடும், முந்தைய பதிப்புகளையும் வைத்திருக்கும், கடவுச்சொல் போட்டு மறைக்கவும் செய்யும். பழைய பதிப்பு இருப்பது பெரிய காரியம். கணக்குத் தாளில் செவ்வாய்க்கிழமை நேர்ந்த பிழை வெள்ளிக்கிழமை தெரியவந்தால், திங்கட்கிழமைத் தாள்தான் வேண்டும். கைபேசிக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைக்கும் சேவைகளை நகல் என்று கொள்ள முடியாது. ஓரிடத்தில் அழித்தது மற்றதிலும் அழியும்.

எத்தனை நகல், எங்கே என்பதற்குப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறிடத்தில். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில், அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. தரைத்தளத்து மேசையில் கணினியும், அதே மேசை இழுப்பறையில் நகல் டிஸ்க்கும் இருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே நனைக்கும்.

நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத் திருப்பருத்திக்குன்றத்திலேயே சான்று உண்டு. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் கட்டுவித்தார். அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், மகாவீரர் வரலாறுகள் ஓவியமாக இருக்கின்றன. காலமும் ஈரமும் அவற்றில் பலவற்றை மங்கச் செய்தன. டி. என். ராமச்சந்திரன் அவற்றைக் காட்சி காட்சியாக விவரித்து, படங்களோடு எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. மண்டபத்துக் கூரையில் இறங்கும் ஈரம் எங்கோ ஒரு நூலகத்தில் இருக்கும் புத்தகத்தைத் தொடாது. ஏடுகளைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கும் சாத்திர தானத்தைச் சமணர்கள் நான்கு தானங்களில் ஒன்றாக வைத்ததும், பல ஊர்களில் பல படிகள் இருக்க வழி செய்தது. ஒரு நெசவுக் குடும்பத்துக்கு அத்தனை தேவையில்லை. ஒரு டிஸ்க் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். இரண்டையும் மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும்.

எடுத்த நகலைத் திறந்து பார்க்காதவரை அது நகலா என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டிசைன், ஒரு கணக்கு, ஒரு கல்யாணப் படம் என்று எடுத்து, வேறொரு கணினியில் மீட்டுத் திறக்க வேண்டும். கடவுச்சொல் போட்டு மறைத்த நகலாக இருந்தால், அந்தச் சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. மறந்தால் அதைத் திறக்க வேறு வழியில்லை. ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பீரோவில் ஒரு தாளில் அந்தச் சொல்லை எழுதி, எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று நான்கு வரி சேர்த்து வைத்தால், கணினியை வழக்கமாகத் தொடாத இன்னொருவரும் கோப்பை மீட்கலாம்.