டீசல் லாரியில் பம்பு, நாசில் மாற்றிய பின் என்ஜின் சீரற்று ஓடுதல்

டீசல் லாரியின் எரிபொருள் பம்பு, நாசில், டீசல் பில்டர் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றிய பிறகு என்ஜின் உதறுவதும், ‘மிஸ்’ ஆவதும், ஏற்றத்தில் இழுவை குறைவதும் பட்டறைகளில் அடிக்கடி காணப்படும் கோளாறுகள் ஆகும். புதிய பாகமே பழுது என்று பலர் உடனே முடிவு செய்கின்றனர். ஆனால் கழற்றிப் பூட்டும்போது உள்ளே புகுந்த காற்று, இடம் மாறிய குழாய், தவறிய டைமிங் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். எனவே செலவில்லாத எளிய சோதனைகளை முதலில் செய்து, ஒவ்வொரு காரணமாக நீக்கிக்கொண்டே செல்வதே சரியான முறையாகும்.

மலைப்பாதையில் இதன் முக்கியத்துவம்

சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலையில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அடிவாரத்திலிருந்து ஏறும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எஸ்டேட்டுகளில் விளையும் காபியும் மிளகும் கீழே இறங்குவதும், கட்டுமானப் பொருள்களும் மளிகையும் மேலே ஏறுவதும் சரக்கு வண்டிகளில்தான்.

சமதளத்தில் வெற்று வண்டியாக ஓடும்போது என்ஜினுக்குக் குறைந்த டீசலே தேவைப்படும். அதனால் சிறு கோளாறு வெளியே தெரியாது. சுமையுடன் மலையேறும்போது முழு அளவு டீசல் தேவைப்படுவதால் அதே கோளாறு பெரிதாகிறது. வளைவின் நடுவில் என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் நின்றுவிடும். ஏர் பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் என்ஜினால்தான் இயங்குகிறது. எனவே தொட்டியில் மீதமுள்ள காற்று மட்டுமே பிரேக்குக்குக் கிடைக்கும்.

டீசல் என்ஜின் இயங்கும் முறை

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது காற்று மிகவும் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் பனித்துளிபோல் டீசலைத் தெளிக்க, அது தானாகவே தீப்பற்றுகிறது. சரியான அளவு டீசல், சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சேர வேண்டும்.

ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 முறை எரியும். மொத்தம் 30 முறை. ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் இது 25 ஆகக் குறைந்து, சீரான தாளம் உடைகிறது. இதுவே உதறலாகத் தெரிகிறது.

முக்கியக் காரணங்கள்

காற்று பிடித்தல்: டீசலை அழுத்தினால் அதன் கன அளவு மிகச் சிறிதே குறையும், காற்றோ எளிதில் சுருங்கிவிடும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் பம்பு தரும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகி, நாசில் திறக்காமல் போகும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயில் வாஷரோ கிளிப்போ தளர்ந்திருந்தால் வெளியே டீசல் கசியாமலேயே உள்ளே காற்று இழுக்கப்படலாம். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் உறிஞ்சு குழாயின் முனை டீசலுக்கு மேலே வந்தும் காற்று புகக்கூடும்.

குழாய் வரிசை மாறுதல்: ஆறு சிலிண்டர் என்ஜின்களில் எரியும் வரிசை பொதுவாக 1-5-3-6-2-4 ஆகும். பம்பிலிருந்து செல்லும் குழாய்களில் இரண்டு இடம் மாறினால், அந்த இரு சிலிண்டர்களுக்கும் தவறான நேரத்தில் டீசல் செல்லும்.

டைமிங் தவறுதல்: பம்பு என்ஜினின் பாதி வேகத்தில் சுழல்கிறது. பம்பில் 1 பாகை பிசகினால் என்ஜினில் 2 பாகை பிசகும். டீசல் முந்திச் சென்றால் கடினமான தட்டும் ஓசை கேட்கும். பிந்திச் சென்றால் இழுவை குறைந்து வெள்ளைப் புகை வரும்.

செம்பு வாஷர்: நாசிலைக் கழற்றும்போது பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன்மேல் புதியதையும் வைத்தால் நாசில் உயர்ந்து, டீசல் தெளிக்கும் இடம் மாறிவிடும்.

சோதிக்கும் வரிசை

1. டேங்கில் போதிய டீசல் உள்ளதா, பழுதுபார்த்தபோது தொட்ட இணைப்புகள் எல்லாம் இறுகியுள்ளனவா என்று பார்த்தல்.

2. பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுதல். அடுத்து பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்தல். சிறிது நேரத்தில் மீண்டும் காற்று சேர்ந்தால் உறிஞ்சு பக்கத்தில் ஓட்டை உள்ளது என்று பொருள்.

3. குழாய்களின் வரிசையை என்ஜின் கையேட்டுடன் ஒப்பிடுதல்.

4. பழைய வகைப் பம்பு உள்ள வண்டியில், ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் சற்றுத் தளர்த்தி இறுக்குதல். தளர்த்தியதும் ஓசை மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாவிட்டால் கோளாறு அங்கேதான்.

5. அந்த நாசிலை நல்ல சிலிண்டரின் நாசிலுடன் இடம் மாற்றுதல். கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் பம்பு, குழாய், வாஷர், வால்வு இடைவெளி, சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

6. இறுதியாக டைமிங்கைச் சரிபார்த்தல்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமல் போகும்.

காமன் ரெயில் வண்டிகள்

காமன் ரெயில் அமைப்பில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் செல்லும். லாரி டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 பார்தான். இவ்வகை வண்டிகளில் என்ஜின் ஓடும்போது குழாயைத் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இவ்வமைப்பில் பல என்ஜின்களில் புதிய இன்ஜெக்டரின் மேலுள்ள குறியீட்டைக் கணினிக் கருவி மூலம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டீசல் அளவு பிசகி என்ஜின் உதறும்.

உயரமும் குளிரும்

ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினில் இதனால் இழுவை குறைந்து கறும்புகை கூடும். ஆனால் உயரம் எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே அளவில் பாதிக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் ‘மிஸ்’ ஆவதற்கு அது காரணமாகாது. அதுபோலவே, மார்கழி, தை மாத விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் வெள்ளைப் புகை இயல்பானது. என்ஜின் சூடேறிய பிறகும் அது நிற்காவிட்டால்தான் கோளாறாகக் கருத வேண்டும்.

வெள்ளோட்டம்

பழுதுபார்த்த வண்டியை நேராக மலைக்கு அனுப்பாமல், முதலில் சேலத்தின் சமதளச் சாலையிலும், பின்னர் அடிவாரத்துக்கு முன்பே சுமையுடனும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நிறுத்தி, சற்று நேரம் ஆறவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்தும் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆனால் எங்கோ காற்று புகுவதாகக் கொள்ளலாம். மலையில் உதறல் தொடங்கினால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே என்ஜினைத் தொட வேண்டும். கோளாறு உள்ள வண்டியை நியூட்ரலில் உருட்டி இறக்குவது மிகவும் ஆபத்தானது.