நுரைக்கு அடியில் நிரம்பிய அணை

ஓசூரை ஒட்டித் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணை செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் நுரைக்காகத்தான். மதகைத் திறந்ததும் வெள்ளைக் குவியல்கள் ஆற்றை மூடும், தரைப்பாலத்தை மறைக்கும், காற்றடித்தால் பக்கத்து வயல்களில் போய் ஒட்டும். படம் எடுக்கத் தோதான காட்சி என்பதாலேயே, தென்பெண்ணை பற்றிய பேச்சு மாசோடு தொடங்கி மாசோடு முடிந்துவிடுகிறது. அந்த நுரையைக் கொண்டுவரும் கழிவுநீர் இன்னொரு காரியத்தையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வருடம் முழுக்க அணையை நிரப்பியே வைத்திருக்கிறது. நிரம்பிய அணையைப் பார்த்தால் நமக்கு மனம் குளிரும், பூத்தூவி வரவேற்போம். ஆனால் வெள்ளத்தைத் தாங்குவது அணையில் இருக்கும் தண்ணீர் அல்ல, இல்லாத தண்ணீர். அதாவது காலி இடம்.

நந்தி மலையில் பிறக்கும் ஆறு ஒசகோட்டை வழியாகப் பெங்களூரின் கிழக்கு விளிம்பை உரசிக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழகத்துக்குள் நுழைகிறது. அந்த நகரத்தின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் வழிவதும் இதில்தான் வந்து சேர்கிறது. காவிரியில் இறைத்த தண்ணீர் பெங்களூர் வீடுகளில் புழங்கி, தென்பெண்ணையில் வந்து இறங்குகிறது என்பது நதிநீர்ச் சண்டைகளில் யாரும் கணக்கில் எழுதாத வரவு. மழைக்குக் காத்திருந்த ஆற்றில் இப்போது ஒரு பெருநகரத்தின் சாக்கடை, கோடையிலும் விடுப்பு எடுக்காமல் ஓடுகிறது. கெலவரப்பள்ளியின் முழு உயரம் 44.28 அடி. மதகு வேலைக்காக இறக்கிவைத்த காலங்களை விட்டுவிட்டால், நாளிதழ்களின் நீர்மட்டப் பட்டியலில் அது நாற்பது அடியை ஒட்டியே நிற்பது வழக்கம். மேலே இருக்கும் நகரமோ சிமென்ட் தரையாகிவிட்டது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் ஐ.டி. வட்டாரம் மூழ்கியபோது படகிலும் டிராக்டரிலும் ஆட்களை ஏற்றிச் சென்றதை நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர் வடிந்த வழிகளில் ஒன்று இந்த ஆறு.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். அணையின் கொள்ளளவு சுமார் 48 கோடி கன அடி. நொடிக்குப் பத்தாயிரம் கன அடி வந்தால், காலி அணை நிரம்பப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால் பங்கு காலியாக இருந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். பத்தில் ஒரு பங்குதான் காலி என்றால் எண்பது நிமிடம். அதற்கப்புறம் வருவதை அப்படியே விட்டாக வேண்டும். அந்த நிலையில் அணை என்பது ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒரு கதவு மட்டுமே. கொஞ்சம் காலியாக வைக்கலாமே என்றால் சொல்லப்படும் பதில், ‘இவை பாசன அணைகள், வெள்ளத்துக்காகக் கட்டியவை அல்ல, இவ்வளவு சின்ன அணையைக் காலியாக வைத்தாலும் பெருவெள்ளத்தில் என்ன ஆகப்போகிறது?’ என்பது. முதல் பாதி சரிதான். இரண்டாம் பாதி, வெள்ளத்தை அடியோடு நிறுத்துவதையும் அதைச் சில மணி நேரம் தள்ளிப்போடுவதையும் ஒன்றாக்கிவிடுகிறது. கரையோரக் குடும்பத்துக்கு வேண்டியது அந்தச் சில மணி நேரம்தான். அடுப்பை அணைத்து, மாட்டை அவிழ்த்து, கிழவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக எண்பது நிமிடம் போதாது, அதுவும் நடுராத்திரியில்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் அடங்காமல் 2024 டிசம்பர் தொடக்கத்தில் உள்மாவட்டங்களில் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி உடைபட்டது போல வந்த தண்ணீரில், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தீப்பெட்டிகளாய் உருண்டன. அந்த நீரெல்லாம் பாம்பாறு வழியாகவும் மற்ற ஓடைகள் வழியாகவும் கீழே, இதே தென்பெண்ணையில் இருக்கும் சாத்தனூர் அணைக்குத்தான் போயாக வேண்டும். 119 அடி சாத்தனூர் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியிருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. எத்தனை எச்சரிக்கை, எப்போது கொடுக்கப்பட்டது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, அதை விட்டுவிடுவோம். சாத்தனூரின் கொள்ளளவு 732 கோடி கன அடி. அதில் கால் பங்கு காலியாக இருந்திருந்தால், அந்த உச்ச வேகத்தில்கூட மூன்று மணி நேரம் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கும் காலை ஆறு மணிக்கும் உள்ள வித்தியாசம் அது.

விவசாயிகளின் அச்சம்தான் இதில் கனமான மறுப்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பி அணையை இறக்கிவைத்து, மழை பொய்த்தால் யார் பொறுப்பு? கெலவரப்பள்ளியை நம்பி எட்டாயிரம் ஏக்கர் அளவுக்கும், அதே ஆற்றில் அடுத்து வரும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நம்பி ஒன்பதாயிரம் ஏக்கர் அளவுக்கும் நிலம் இருக்கிறது. கீழே சாத்தனூருக்கு இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினம். ஆனால் கெலவரப்பள்ளியில் இதற்கு விசித்திரமான ஒரு விடை இருக்கிறது. இங்கே வரவு மழையை மட்டும் நம்பி இல்லை. அக்டோபரில் பத்தடி இறக்கினாலும், பெங்களூர் குளித்துத் துவைத்து அனுப்பும் தண்ணீர் மெல்ல மெல்ல நிரப்பிவிடும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குத் திருப்பும் திட்டத்தால் இந்த வரவு குறையும் என்ற கவலை தமிழகத்துக்கு உண்டு. அது குறையும்போது கணக்கை மாற்றிக்கொள்ளலாம். இருக்கிறவரை, இவ்வளவு நிச்சயமான நீர்வரத்து உள்ள அணையை மழைக்காலத்தில் விளிம்புவரை வைத்திருக்கப் பாசனத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

எப்போதும் நிரம்பி நிற்பதில் இன்னொரு ஆபத்து மதகுக்கு. ஷட்டர் என்பது இரும்புத் தகடு, ஓரங்களில் ரப்பர் சீல், ஏறி இறங்க உருளைகள், மேலே கம்பிவடம், பல்சக்கரம், அதற்கு கிரீஸ். தண்ணீர் இறங்கினால்தான் தகட்டின் முகத்தைச் சுரண்டிப் பார்க்க முடியும். துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். 2017 நவம்பர் 29 அன்று கே.ஆர்.பி. அணையின் முதல் மதகு உடைந்தது. காமராஜர் ஆட்சியில், 1957-ல் திறக்கப்பட்ட அணை. மதகுக்கும் வயது அறுபது. 52 அடி அணை அப்போது நிரம்பி நின்றது. கிருஷ்ணகிரி முதல் கடலூர் வரை ஐந்து மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போனது. பழுதுபார்ப்பதற்காகவே சேர்த்த தண்ணீரை ஆற்றில் விட நேர்ந்தது. பிறகு மற்ற மதகுகளும் மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரையில் சங்கிலி அறுந்து பத்தொன்பதாம் மதகு போனது. 2021 நவம்பரில் ஆந்திரத்தின் அன்னமய்யா அணையில் நடந்தது இதற்கு நேர் எதிர்: வெள்ளம் வந்த நேரத்தில் ஐந்தில் ஒரு மதகு வேலை செய்யவில்லை, மண்கரை உடைந்து கீழே இருந்த ஊர்கள் போயின. நிறைந்த அணையில் திறக்காத மதகுக்கும் மூடாத மதகுக்கும் கொடுக்கும் விலை ஒன்றுதான். காலி இடம் இருந்தால் இரண்டுக்குமே கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுக்குள் குறிப்பிட்ட அணைகள் ஒவ்வொன்றுக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. திட்டத்தின் கடைசி மைல் ஓசூரில் மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வாடகை எங்கே மலிவோ அங்கே இருக்கிறார்கள். மலிவான இடம் பெரும்பாலும் தாழ்வான இடம். ‘கரையோர மக்கள் ஆற்றில் இறங்கவோ கடக்கவோ வேண்டாம்’ என்று ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிவிட்டுப் போகும்போது, இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருந்தாலும் மொழி புரியாது.

அவகாசம் எவ்வளவு என்று முதலில் தெரிந்தால்தான் அதை எந்த மொழியிலும் சொல்ல முடியும். தினமும் காலையில் வெளியாகும் அணை நிலவரத்தில் முழு உயரம், இன்றைய மட்டம், வரத்து, வெளியேற்றம் என நான்கு எண்கள் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கச் செலவே கிடையாது: இப்போதைய வரத்து இரட்டிப்பானால் அணை எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்பது. கெலவரப்பள்ளிக்கு அந்தக் கட்டத்தில் பல நாட்கள் என்ன எண் வரும் என்பதை, நீர்மட்டப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம்.